மல்லாந்து மிதக்கும் நத்தை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பெசன்ட் நகர் கடற்கரையில் காலை நடைபோனபோது ஓர் அங்குல நீளத்தில் நீலமாக, பல்லி மாதிரி ஒன்று கிடந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன். தம்பி ‘கிளாக்கஸ் அட்லாண்டிகஸ்’ என்கிறான், அவன் நண்பன் ‘மார்ஜினேட்டஸ்’ என்கிறான். யார் சொல்வது சரி? (வாசகி, சென்னை)

பதில்: கையால் தொடவில்லைதானே? நீலப் பை மாதிரி மிதந்து வருமே பைசாலியா, அதைத் தின்றுவிட்டு அதன் கொட்டும் செல்களைச் செரிக்காமல் உடலின் இரு பக்கமும் கொத்துக் கொத்தாக நீட்டிக்கொண்டிருக்கும் விரல் மாதிரி உறுப்புகளின் நுனிகளில் சேர்த்து வைத்துக்கொள்ளும் பிராணி இது, செத்துக் கிடந்தாலும் கொட்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இரண்டுமே ஓடில்லாத நத்தைகள்தான். இரண்டும் காற்றை விழுங்கி, கடல் பரப்பில் மல்லாந்து மிதப்பவை. நீங்கள் முதுகு என்று நினைக்கும் அந்தப் பளிச் நீலம் உண்மையில் வயிற்றுப்புறம், முதுகு வெள்ளி நிறத்தில் கீழே இருக்கும். நிறத்தை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. விரல்களைப் பாருங்கள். அட்லாண்டிகஸுக்கு ஒவ்வொரு கொத்திலும் விரல்கள் ஒரே வரிசையில், சீப்புப் பல் மாதிரி விரிந்திருக்கும். மார்ஜினேட்டஸுக்குப் பல வரிசையாக நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், ஆளும் சின்னது. நீங்கள் அனுப்பியிருக்கும் படத்தில் அது மணலில் காய்ந்து ஒரே சுருளாகக் கிடக்கிறது, இதைப் பார்த்து இருவரில் யாருக்கும் நான் மார்க் போட முடியாது. அடுத்த தடவை கை படாமல் ஒரு டம்ளர் கடல்தண்ணீரில் மிதக்கவிட்டு மேலிருந்து எடுங்கள்.

அதற்கும் மேலே உறுதி வேண்டுமென்றால் உடலைத் திறந்துதான் ஆக வேண்டும். ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருக்கிற உயிர் இது. அட்லாண்டிகஸின் ஆண்குறியில் பெரிய முள் ஒன்று இருக்கும். மார்ஜினேட்டஸுக்கு முள் கிடையாது, ஆனால் இணையின் விந்துவை வாங்கி வைக்கும் பை ஒன்று கூடுதலாக உண்டு. இதில் வேடிக்கை என்னவென்றால், மார்ஜினேட்டஸ் என்று எல்லாரும் ஒரே பெயரில் கூப்பிட்டு வந்ததே ஒரு இனம் இல்லை. 2014இல் டிஎன்ஏவையும் உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்து, அதற்குள்ளிருந்து மேலும் மூன்று இனங்களைப் பிரித்தார்கள். ஆக, உங்கள் தம்பியின் நண்பர் சொன்னது சரியாகவே இருந்தாலும், அடுத்த கேள்வி அங்கே தயாராக நிற்கிறது.

கேள்வி: கறுப்பு, நீலம், மேலே மஞ்சள் பருக்கள். முங்கும்போது இப்படிப்பட்ட நத்தைகளை நிறையப் பார்க்கிறேன். எல்லாம் பிலிடியா வரிகோசா தானா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: இல்லை. இதற்குக் கத்தியே தேவையில்லை, மெதுவாகக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில், பாதத்தின் நடுவே நீளவாக்கில் ஒரு கறுப்புக் கோடு இருந்தால் வரிகோசா. கோடே இல்லாமல் வெளிறியிருந்தால் பெரும்பாலும் கோலெஸ்டிஸ் என்கிற இன்னொன்று. அப்புறம் மலத்துளையைத் தேடுங்கள் (சிரிக்காதீர்கள், இந்தக் குடும்பத்தில் அது பெரிய அடையாளம்). வரிகோசாவுக்கு அது முதுகின் பின்பக்கம், மேலேயே தெரியும். பிக்டா என்ற இனமும் பார்வைக்கு இதே மாதிரிதான், ஆனால் அதற்கு மேலே துளை இருக்காது, பின்பக்கம் தோல் மடிப்புக்கு அடியில் இருக்கும். வேறு சில கடல் நத்தைகளுக்கு இருப்பதுபோல முதுகில் பூ மாதிரி செவுளைத் தேடி ஏமாறாதீர்கள், இவற்றுக்குச் செவுள் ஓரத் தோலின் அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும்.

பார்த்ததும் அங்கேயே விட்டுவிடுங்கள். வரிகோசாவைப் பிடித்து மீன் இருக்கும் வாளியில் போட்டால் அது கசியவிடும் சளியிலேயே மீன்கள் செத்துவிடும்.

கேள்வி: கடல் நத்தையின் பல்லைப் பார்த்து இனம் சொல்வார்களாமே, அவ்வளவு சின்னப் பல்லை எப்படிப் பார்ப்பது? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: வாய்ப்பகுதித் தசையை வெட்டியெடுத்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டுவைப்பார்கள். சதை கரைந்துபோகும். கைட்டின் என்ற கடினமான பொருளாலான பற்பட்டை மட்டும் மிஞ்சும், அரம் மாதிரி, வரிசை வரிசையாக. கழுவி விரித்து, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் ஒவ்வொரு பல்லின் கொக்கியும் தெரியும். பாசியின் சாற்றை உறிஞ்சும் எலிசியாவுக்கு வரிசைக்கு ஒரே ஒரு பல்தான், குத்தித் துளைக்க அது போதும். பஞ்சுயிரியை (ஸ்பாஞ்ச்) சுரண்டித் தின்னும் குரோமோடோரிஸ் வகைகளுக்கு வரிசைக்குப் பல பத்துப் பற்கள். மேலே சொன்ன பிலிடியாவுக்குப் பல்லே கிடையாது! ஒன்று கவனியுங்கள், உடல் வளர வளர வரிசைகளும் கூடும், அதனால் வெறும் எண்ணிக்கையை நம்பாமல் பல்லின் வடிவத்தைப் பாருங்கள்.

கேள்வி: இந்தக் காலத்தில் டிஎன்ஏ இருக்கும்போது எதற்கு அறுத்துப் பார்ப்பது? (வாசகர், திருச்சி)

பதில்: பழைய பெயர்களுக்காக. அந்தக் காலத்தில் வைத்த பெயர் எந்த நத்தைக்கு உரியது என்று தெரிய, பழைய படங்களையும் மாதிரிகளையும்தான் பார்க்க வேண்டும். இலங்கையில் பிறந்த மருத்துவர் கெலார்ட் 1858, 59இல் அங்குள்ள நத்தைகளுக்குப் பெயர் வைத்து எழுதினார், வண்ணப் படங்களும் இருந்தன. விசாகப்பட்டினத்தில் பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் சேகரித்ததை ஆல்டர், ஹான்காக் என்ற இரு ஆங்கிலேய ஆய்வாளர்கள் 1864இல் வெளியிட்டார்கள். இந்தப் படங்களையும் இங்கிலாந்தின் நியூகாசில் அருங்காட்சியகத்தில் புட்டிகளில் இருந்த நத்தைகளையும் வைத்துக்கொண்டு சார்லஸ் எலியட் என்ற இன்னொருவர் 1906இல் உட்கார்ந்து எது எது என்று சரிபார்த்தார். சாராயத்தில் கிடந்தால் நிறமெல்லாம் போய், வெளிறிய ஒரு சதைத் துண்டுதான் மிஞ்சும். ஆனால் பல்லும் முள்ளும் அப்படியே இருக்கும். அத்தனை பழசான சரக்கிலிருந்து டிஎன்ஏ எடுப்பது பெரும்பாடு.

கேள்வி: இதைத்தானே கடல் அட்டை என்கிறோம்? (வாசகர், ராமநாதபுரம்)

பதில்: இல்லவே இல்லை. கடல் அட்டை நட்சத்திர மீனுக்குச் சொந்தக்காரன், பிடித்தால் ஜெயில். உங்கள் ஊரில் இருந்துகொண்டு நீங்களே இப்படிக் கேட்கலாமா?