நிமோனியா தடுப்பூசியை வருடாவருடம் போட வேண்டுமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 68, சர்க்கரை நோய் உண்டு. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தடுப்பூசி முகாம் நடத்தியவர்கள், நிமோனியா ஊசியை வருடாவருடம் போட வேண்டும் என்றும், ஐந்து ஆண்டுகளுக்கு இப்போதே பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு என்றும் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். வருடாவருடம் போட வேண்டியது ஃப்ளூ தடுப்பூசி. அந்த வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஊசியும் மாறுகிறது. நிமோனியா ஊசி என்று அவர்கள் சொல்வது நியூமோகோக்கஸ் என்ற பாக்டீரியாவுக்கு எதிரானது; அது அப்படிப்பட்டதன்று. உங்கள் தந்தையின் வயதில், ஊசியின் வகையைப் பொறுத்து ஒரு முறையோ இரண்டு முறையோ போட்டால் போதும். ஆனால் அதை அவர் தள்ளிப்போடக் கூடாது. அந்தக் கிருமி நுரையீரலோடு நிற்காமல் இரத்தத்திலும் மூளை உறையிலும் பரவும்போது உயிருக்கே ஆபத்தாகிறது. வயதும் சர்க்கரையும் சேர்ந்தவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். எல்லா நிமோனியாவையும் இந்த ஊசி தடுத்துவிடும் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்.

பெட்டியின் மீதுள்ள 13, 20, 23 என்ற எண்கள், நூறுக்கும் மேற்பட்ட நியூமோகோக்கஸ் வகைகளில் எத்தனைக்கு எதிராக அந்த ஊசி வேலை செய்யும் என்பதைக் குறிக்கின்றன. 20 வகை ஊசி என்றால் ஒன்றோடு வேலை முடிந்தது. 13 வகை ஊசி என்றால், ஓராண்டு கழித்து 23 வகை ஊசி ஒன்று. எண் பெரியது என்பதற்காக 23 தான் உயர்ந்தது என்று எண்ண வேண்டாம்; அது தரும் பாதுகாப்பு சில ஆண்டுகளில் குறைந்துவிடும்.

முகாம் விஷயத்தில் நான் கடுமையாகவே பேசுகிறேன். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. தெர்மாகோல் பெட்டியில், ஃப்ரீசரிலிருந்து நேரே எடுத்த ஐஸ் கட்டிகளை ஒட்டினாற்போல் ஊசிகளை அடுக்கி ஊர் ஊராக எடுத்துச் செல்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை, அல்லது அவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. உறைந்து கெட்ட மருந்தை உங்களால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. போட்டவர் பாதுகாப்பு வந்துவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பார். என்னிடம் வந்த ஒரு முதியவரின் அட்டையில் 'நிமோனியா ஊசி' என்ற இரண்டு சொற்களும் ஒரு கையெழுத்தும் மட்டுமே இருந்தன. எந்த ஊசி, எந்த பேட்ச் என்று ஒன்றுமில்லை. அவருக்கு அடுத்து எதைப் போடுவது என்று யாரால் சொல்ல முடியும்? ஆகவே, குளிர்சாதன வசதியுள்ள மருத்துவமனையில், பெட்டியை உங்கள் முன் பிரிக்கச் சொல்லி, பெயரையும் பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் அட்டையில் எழுதி வாங்குங்கள். பெட்டியில் அச்சிட்ட விலைக்கு மேல் மருந்துக்குக் கொடுக்காதீர்கள்.

உங்கள் குடும்பத்தில் மண்ணீரல் அகற்றப்பட்டவர் யாரேனும் இருந்தால், மேலே சொன்ன கணக்கு அவருக்குப் பொருந்தாது. விபத்தில் மண்ணீரல் கிழிந்து, அவசர அறுவையில் அதை எடுத்துவிட்டு, தையல் பிரித்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்ட இளைஞர்கள் பலர். இந்தக் கிருமியை இரத்தத்திலிருந்து வடிகட்டும் உறுப்பே போய்விட்டது என்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. திட்டமிட்ட அறுவை என்றால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே ஊசி போட வேண்டும். அவசர அறுவை என்றால் இரண்டு வாரம் கழித்து. பத்தாண்டுகள் கடந்திருந்தாலும் இப்போதாவது போட வேண்டும். வேறு சில தடுப்பூசிகளும் அவர்களுக்குத் தேவை. ஊசி போட்ட பிறகும், காய்ச்சல் வந்தால் மாத்திரை விழுங்கிவிட்டுக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

குழந்தைகளுக்கு ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என நியூமோகோக்கஸ் ஊசியின் மூன்று தவணைகளை அரசு இலவசமாகப் போடுகிறது. 2021 முதல் தமிழ்நாட்டிலும் கிடைக்கிறது. அதே கிருமியால் அவதிப்படும் முதியவர்களுக்கு மட்டும் அப்படி ஒரு திட்டம் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் தரகர்கள் தள்ளுபடிச் சீட்டோடு உங்கள் வாசலுக்கு வருகிறார்கள். இது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

உங்கள் தந்தைக்குக் கடும் காய்ச்சல் இல்லாத ஒரு நாளில் அழைத்துச் செல்லுங்கள். இந்த ஆண்டின் ஃப்ளூ ஊசியையும் அன்றே மற்றொரு கையில் போட்டுக்கொள்ளலாம். இரண்டொரு நாள் கைவலியும் லேசான சூடும் இருக்கக்கூடும்; அவை தானே தணிந்துவிடும்.