வாசகர் கேள்வி–பதில்: ஏரிக்கரை அரண்மனை ஊர்

ஸ்காட்லாந்தின் லின்லித்கோ என்ற சிற்றூர் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

மகன் எடின்பரோவில் படிக்கிறான். அவனைப் பார்க்கப் போகும்போது ஒரு பகல் மிஞ்சும். லின்லித்கோ போய்வர அது போதுமா? (வாசகி, மதுரை)

தாராளமாகப் போதும். வேவர்லி அல்லது ஹேமார்க்கெட் நிலையத்தில் ஏறினால் 20 நிமிடப் பயணம்தான். கிளாஸ்கோ போகும் எல்லா ரயிலும் லின்லித்கோவில் நிற்காது. பலகையில் ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

நிலையத்திலிருந்து ஹை ஸ்ட்ரீட் வழியாக வந்து, கிர்க்கேட் என்ற சின்ன மேட்டுத் தெருவில் ஏறினால் அரண்மனையின் வெளிவாசல். விறுவிறுவென்று உள்ளே போய்விடாதீர்கள், ஒரு நிமிடம் தலையைத் தூக்கிப் பாருங்கள். ஸ்காட்லாந்து அரசர் ஐந்தாம் ஜேம்ஸ் கட்டிய அந்த வாசலின் உச்சியில் கார்ட்டர், திஸில், தங்கக் கம்பளி, புனித மைக்கேல் என நான்கு வீரர் குழுக்களின் (அரசர்கள் பிரபுக்களையும் பிற அரசர்களையும் சேர்த்துக் கௌரவிக்கும் குழுக்கள்) சின்னங்கள் இருக்கின்றன. எங்கள் அரசர் யார் யாரோடு சமமாக உட்காருபவர் தெரியுமா என்று வருகிறவர்களுக்குக் காட்டத்தான்!

முதலில் அரண்மனை, அடுத்து தேவாலயம், கடைசியில் ஏரி. அரண்மனைக்கு டிக்கெட் உண்டு, கடைசி நுழைவு நேரமும் உண்டு. ஏரியைச் சுற்றியுள்ள பூங்காவுக்குக் கட்டணம் கிடையாது. ஜூன் மாதத்தில் இரவு 10 மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதால், பூங்காவை எவ்வளவு தள்ளிப் போட்டாலும் நஷ்டமில்லை.

ஸ்காட்லாந்து அரசி மேரி பிறந்த அரண்மனைக்குக் கூரையே இல்லையாமே? சில இடங்களை வேலி போட்டு அடைப்பது ஏன்? (வாசகர், திருநெல்வேலி)

மேரி அங்கே பிறந்தது 1542 டிசம்பர் 8. கூரை போனது 1746-இல். பிரிட்டிஷ் அரசரின் மகனான கம்பர்லாந்து கோமகனின் படை ஓர் இரவு தங்கிவிட்டுக் கிளம்பியபோது, வீரர்கள் மூட்டிய தீ பரவி அரண்மனை எரிந்தது. ஸ்காட்லாந்து அரசவை 1603-லேயே லண்டனுக்குப் போய்விட்டதால், திரும்பக் கூரை போடும் அவசரம் யாருக்கும் இல்லை.

தீக்கு முன்பும் இடிபாடு உண்டு. 1607-இல் வடபகுதி சரிந்து விழுந்தது, 1618-இல் தொடங்கி அதைத் திரும்பக் கட்டினார்கள். முற்றத்தில் நின்று பாருங்கள். அந்தப் பக்கத்துச் சன்னல்கள் மட்டும் பிடித்து வைத்தாற்போல் வரிசையாக, தலைக்கு மேல் அலங்காரத்தோடு இருக்கும். மற்ற மூன்று பக்கமும் அப்படி இருக்காது.

கூரையில்லாத சுவருக்கு வினை உச்சியிலிருந்து இறங்குகிறது. வெளியே செதுக்கிய கல்லும் நடுவே உடைகல்லும் சுண்ணாம்புக் காரையுமாக உள்ள தடித்த சுவர் அது. மழைநீர் சுவரின் உச்சியில் புகுந்து நடுவே தேங்கும். மணற்கல் அதைக் குடிக்கும். குளிர்காலத்தில் உறையும் நீர் சுமார் 9 சதவீதம் பருக்கும், கல் ஏடு ஏடாகப் பெயரும். கற்களைப் பிணைக்கும் இரும்புக் கவ்விகள் இருந்தால் அவையும் துருவேறிப் பருத்துக் கல்லைப் பிளக்கும். இந்த மாதிரிப் பழங்கட்டடத்தில் சிமெண்ட் பூசுவது உதவி என்ற பெயரில் செய்யும் கெடுதல். காரை ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. ஈரம் கல் வழியாகவே வெளியேறுவதால் கல் கரைந்துபோக, சிமெண்ட் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

உயரத்தில் ஏறி, கல் கல்லாகச் சோதித்து, ஆட்டம் கண்டதை எடுத்த பிறகுதான் ஒரு பகுதியைத் திறக்க முடியும். வேலி அதற்காகத்தான். எதெது மூடியிருக்கிறது என்பதைக் கிளம்புமுன் அரண்மனையைப் பராமரிக்கும் ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து அமைப்பின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

முற்றத்து நீரூற்று ஓடுமா? (வாசகி, கோவை)

1538-ஐச் சேர்ந்த அந்த மூன்றடுக்கு நீரூற்றில் ஜூலை, ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர் விடுவது வழக்கம். தேதியைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எடின்பரோவின் ஹாலிரூட் அரண்மனை முன் நிற்கும் நீரூற்று, இதைப் பார்த்து 19-ஆம் நூற்றாண்டில் செய்தது.

ஏரியைச் சுற்றி நடக்க வயதானவர்களால் முடியுமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

முடியும். சுற்று சுமார் 3.7 கி.மீ., பெரும்பாலும் சமதளம். மெதுவாக நடந்தால் ஒன்றேகால் மணி நேரம் வையுங்கள். மழை பெய்த மறுநாள் சில இடங்களில் சேறு இருக்கும், வழுக்காத செருப்பு அவசியம். அரண்மனையும் தேவாலயமும் தண்ணீரும் ஒரே படத்தில் விழ வேண்டுமென்றால் வடகரைதான் இடம். நடுப்பகலில் அங்கே வெயில் எதிரே அடிக்கும், படம் கருத்துவிடும். கோடை மாலையில் போங்கள்.

பூங்காவின் பெயர் பீல். இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டு 1302-இல் இங்கே எழுப்பிய மர அரணிலிருந்து வந்த பெயர் அது. ஏரி ஆழமில்லாதது, சுற்றுவட்டாரத்திலிருந்து உரச்சத்தும் வந்து சேர்கிறது. அதனால் வெயில் காலத்தில் நீலப்பச்சைப் பாசி படர்வதுண்டு, அது நஞ்சாகலாம். கரையோரம் பச்சை நுரையோ எச்சரிக்கைப் பலகையோ கண்டால் பேரப்பிள்ளைகளைத் தண்ணீரில் கைவைக்க விடாதீர்கள். நாய் இருந்தால் கயிற்றை விடவே வேண்டாம்.

புனித மைக்கேல் தேவாலயக் கோபுரத்தில் அலுமினிய முள்கிரீடமா? (வாசகர், சேலம்)

ஆம், 1964-இல் வைத்தது. பழைய கல் கிரீடத்தின் பாரத்தைக் கோபுரம் தாங்காது என்று அஞ்சி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறக்கிவிட்டார்கள். அதனால்தான் புதியதை மரச்சட்டமும் உலோகத் தகடுமாக எடை குறைத்துச் செய்தார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அது பிடிக்காது என்பார்கள். ரயில் சன்னலில் ஊர் வந்துவிட்டது என்று முதலில் சொல்வது அதுதான்.