கம்ப்ரஷன் ஏறவில்லை என்று பையனை வேலை மாற்ற வேண்டாம்

வணக்கம் அம்மா. நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பையன் ஐடிஐ-யில் டீசல் மெக்கானிக் ஒரு வருஷம் முடித்துவிட்டுத் திருச்செங்கோடு பக்கம் ஒரு பட்டறையில் எட்டு மாதமாக இருக்கிறான், முதல்முறையாக ஒரு முழு இன்ஜின் வேலையை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள், புது லைனர் (சிலிண்டரின் உள்சுவர்), புது ரிங் (பிஸ்டனைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் வளையம்) எல்லாம் போட்டு மூடியும் காலையில் செல்ஃப் சுற்றுகிறதே தவிர இன்ஜின் பிடிக்கவில்லை, வெள்ளைப் புகைதான் வருகிறது. ஓனர் எல்லார் முன்னாலும் திட்டிவிட்டார், மூன்று நாளாக அவன் சரியாகச் சாப்பிடவில்லை. வேறு ஏதாவது கோர்ஸில் சேர்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போது வேண்டாம் அம்மா. ஆலோசனை வேலைக்கு வருவதற்கு முன் நானும் டீசல் டிரேடில் பாடம் நடத்தியவன்தான், இப்படி ஒரு இன்ஜினிடம் மாட்டிக்கொள்ளாத மெக்கானிக்கை நான் பார்த்ததே இல்லை. அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த சிலிண்டரில் எத்தனை பார் காட்டியது?" கம்ப்ரஷன் என்பது சிலிண்டருக்குள் காற்று நசுங்கும் அழுத்தம், பார் என்பது அதை அளக்கும் அலகு. எண்ணைச் சொன்னான் என்றால் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். "கம்ப்ரஷன் கம்மியா இருக்கும்மா" என்று மட்டும் சொன்னால், அவன் இன்னும் அளக்கவில்லை என்று அர்த்தம். கொஞ்ச நாளில் கற்றுக்கொள்ளக்கூடியதுதான்.

உங்களுக்கும் புரியட்டும் என்று சொல்கிறேன். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினாறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு அளவுக்கு நசுக்கும்போது வருகிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். எங்காவது கசிந்தால் அந்தச் சூடு வராது, டீசல் எரியாமல் வெள்ளைப் புகையாக வெளியே போய்விடும்.

இனி இது பையனுக்கு. தம்பி, ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) மறுபடி கழற்றாதே. முதலில் பேட்டரி. செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் நல்ல இன்ஜினும் குறைவாகத்தான் காட்டும். அடுத்தது டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் நடுவில் விடும் இடைவெளி. புதிதாக மூடிய இன்ஜினில் வால்வு முழுசாக உட்காராமல் நிற்பதற்கு இது சாதாரணக் காரணம், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் ஒன்று போதும். அப்புறம் டீசல் வரத்தை நிறுத்திவிட்டு டீசலுக்கான கம்ப்ரஷன் கேஜை மாட்டி நான்கு சிலிண்டரையும் அள, பெட்ரோல் வண்டிக் கேஜ் இந்த அழுத்தத்தைத் தாங்காது. நான்கும் ஒரேபோல் குறைவு என்றால் வால்வு திறக்கும் நேரத்தை நிர்ணயிக்கும் டைமிங் கியரின் மார்க்கைப் பார், ஒரு பல் தள்ளிப் போட்டிருக்கலாம். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டு மட்டும் குறைவு என்றால் நடுவில் ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) விட்டிருக்கலாம். ஒன்று மட்டும் என்றால் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி அள. ஏறினால் சந்தேகம் ரிங் மேல், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட் மேல். ஒரு டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம், டீசலில் பிஸ்டனுக்கு மேலே இருக்கும் இடம் மிகக் குறைவு, ஆயில் அதிகமானால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

கம்ப்ரசர் காற்று இருந்தால் இன்னும் நல்லது. பிஸ்டனை மேலே நிறுத்தி, இரண்டு வால்வும் மூடிய நிலையில் காற்றை விட்டு, காதை வைத்துக் கேள். சைலன்சரில் உஸ்ஸென்று வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் வந்தால் இன்லெட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கேஸ்கட் அல்லது ஹெட்டில் விரிசல்.

எங்குமே கசியவில்லை, ஆனாலும் குறைவு. அப்படியும் வரும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நின்ற ஒரு வண்டியின் இன்ஜின் என் மாணவர்கள் கைக்கு வந்தது. தண்ணீர் உள்ளே இருந்தது தெரியாமல் யாரோ செல்ஃப் அடித்திருக்கிறார்கள். ரிங், வால்வு எல்லாம் மாற்றியாயிற்று. மற்ற மூன்று சிலிண்டரும் 27 பாரைச் சுற்றி, மூன்றாவது சிலிண்டர் மட்டும் 23. ஒரு பையன் டயல் கேஜை வைத்து நான்கு பிஸ்டனின் உயரத்தையும் அளந்தான், மூன்றாவது கிட்டத்தட்ட 0.8 மில்லிமீட்டர் கீழே நின்றது. ராடு வளைந்திருந்தது, கண்ணுக்குக் கொஞ்சமும் தெரியவில்லை. அன்றைக்கு அவன் நோட்டில் எழுதியிருந்த அந்த நான்கு எண்களை எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

புது ரிங் என்றால் ஆரம்பத்தில் கம்ப்ரஷன் கொஞ்சம் குறைவாக இருப்பது இயல்பு, அதுவும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் மணிக்கணக்கில் ஐட்லிங்கில் விடாதே, லைனர் பளபளத்துப்போய் ரிங் பதியாது. மிதமான லோடில் ஓட்டிப் பழக்க வேண்டும்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன் அம்மா. டீசல் கார்கள் குறைந்துகொண்டு வருவது உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் உங்கள் ஊரில் போர் போடும் ரிக் வண்டி, கம்ப்ரசர், லாரி, டிராக்டர், ஜெனரேட்டர் எல்லாம் ஓடுவது டீசலில்தான். பார்ட்ஸ் மாற்றத் தெரிந்தவர்கள் நிறையப் பேர், கழற்றுவதற்கு முன்பே கோளாறு இங்கேதான் என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு, சம்பளம் பிரிவதும் அங்கேதான். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு புது வண்டிகளில் ஸ்கேனரும் வயரிங்கும் தெரியாமல் முடியாது, அதனால் மாலையில் ஆட்டோ எலெக்ட்ரிகல் பழகட்டும். பெரிய கம்பெனி சர்வீஸ் சென்டரில் அப்ரண்டிஸ் பயிற்சி கிடைத்தால் விடக்கூடாது, தேர்வு எழுதித் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் வாங்கிவிட வேண்டும். கற்றுக்கொடுப்பதில் ஆசை வந்தால் ஐடிஐ பயிற்றுநர் ஆவதற்கான ஒரு வருஷப் படிப்பு சென்னை கிண்டியில் மத்திய அரசு நிறுவனத்திலேயே இருக்கிறது.

ஓனர் இவனை எல்லார் முன்னாலும் திட்டியது தவறு. அவரிடம் நீங்கள் போய்ப் பேச வேண்டாம், பையன் எண்களோடு போய் நிற்கட்டும். அதற்குப் பிறகும் கேஜ் வாங்கித் தராத, அளக்க நேரம் கொடுக்காத பட்டறை என்றால் பட்டறையை மாற்றுவோம், தொழிலை மாற்ற வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டரின் எண்களும், ஆயில் விடுவதற்கு முன்னும் பின்னும் எடுத்தது, நோட்டில் எழுதிக் கையில் வைத்திருக்கட்டும். இன்றைக்கு ராத்திரி முதலில் அவனைச் சாப்பிட வையுங்கள்.