அம்மா இளைக்கிறார், நல்லதுதானே?

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் இருக்கிறார். சர்க்கரைக்கு 12 வருடமாக மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகள். போன பொங்கலுக்கு 58 கிலோ. இந்தப் பொங்கலுக்கு 53. ‘எடை குறைந்தால் மூளைக்கும் நல்லது’ என்கிறார்கள். ஆனால் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிடுகிறார். எனக்கு 48 வயது, 74 கிலோ.

பதில்: அம்மா வேண்டுமென்றே சாப்பாட்டைக் குறைத்து இளைக்கவில்லை என்றால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. ஒரு வருடத்துக்குள் 5 சதவீதம் தானாகக் குறைந்தாலே காரணம் தேட வேண்டும். அம்மாவுக்கு 8 சதவீதத்துக்கும் மேல் போயிருக்கிறது.

நீங்கள் கேள்விப்பட்டது நடுவயதுக்காரர்களுக்கான பேச்சு. லண்டன் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வில், 50 வயதில் உடல் பருமனாக இருந்தவர்களுக்கு மறதிநோய் கூடுதலாக வந்தது. 60, 70 வயதுப் பருமனில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. நோய் வந்தவர்களுக்கோ, அது கண்டுபிடிக்கப்படுவதற்குச் சுமார் 8 ஆண்டு முன்பே எடை இறங்கியிருந்தது. இளைத்ததால் மறதி வந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. மூளையில் ஓசையில்லாமல் தொடங்கிய நோய் பசியையும் மோப்பத்தையும் முன்கூட்டியே மட்டுப்படுத்தலாம்.

அம்மாவுக்கும் அதுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சர்க்கரை எகிறினாலும், தைராய்டு கூடினாலும், காசநோய், மனச்சோர்வு, பொருந்தாத பல்செட் எதுவானாலும் ஆள் இளைப்பார். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 வைட்டமின் குறைவது சகஜம். அதனால் வரும் மறதியைச் சீக்கிரம் பிடித்தால் ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்ய வாய்ப்புண்டு. ஆகவே மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, தைராய்டு, பி12, ரத்தசோகை, நெஞ்சு எக்ஸ்ரே, ஞாபகப் பரிசோதனை எல்லாவற்றையும் கேளுங்கள். கிளிமிபிரைடு அளவையும் அவசியம் கேளுங்கள். உடம்பும் சாப்பாடும் குறைந்து மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். வேர்வை, நடுக்கம், உளறல் தெரிந்தால் உடனே இனிப்புக் கொடுங்கள். இப்படி அடிக்கடி இறங்குவது மூளைக்கே கெடுதல்.

எடையை 15 நாளுக்கு ஒருமுறை, அதே மெஷினில், காலையில் வெறும் வயிற்றில் பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். உட்காரவைத்து கெண்டைக்காலின் பருத்த இடத்தை டேப்பால் அளந்து பாருங்கள். பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் தசை கரைகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் அம்மாவுக்குத் தினம் 53 முதல் 64 கிராம் புரதம் வேண்டும். இரண்டு இட்லி, மத்தியானம் ரசஞ்சோறு என்றிருந்தால் அதில் பாதிகூடத் தேறாது. முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6, ஒரு கை நிலக்கடலையில் 7. அரிசியும் பருப்புஞ் சாதத்தில் அரிசி இரண்டு பங்குக்குப் பருப்பு ஒரு பங்கு போடுங்கள். ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பயத்தில் கொள்ளுக் கடைசலை நிறுத்த வேண்டாம். 100 கிராம் கொள்ளில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது.

தோட்டத்தைச் சுற்றி நடப்பது நல்லதுதான், ஆனால் தொடைத்தசைக்கு அது மட்டும் போதாது. சுவரோரம் போட்ட கெட்டி நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள், காலையும் மாலையும்.

இளைக்க வேண்டியவர் நீங்களாக இருக்கலாம். தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து பாருங்கள். பெண் என்றால் 80, ஆண் என்றால் 90 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால் உங்கள் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் அம்மாவோடு போகும்போதே பார்த்துவிடுங்கள்.