எட்டாம் வகுப்புக்குப் பின் யார் பொறுப்பு? எல்லையூர்ப் பெண்கள் பள்ளியும் ஊரார் கொடையும்: கேள்வி பதில்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ் வழி வகுப்புகளும் மலையாள வழி வகுப்புகளும் அடுத்தடுத்த அறைகளில் நடக்கும் அரசுப் பெண்கள் பள்ளி ஒன்றில் நெடுங்காலம் கற்பித்து, கடைசிச் சில ஆண்டுகள் தலைமையாசிரியையாகவும் இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது அப்பள்ளியின் முன்னாள் மாணவியர் நடத்தும் கல்வி நிதியின் கணக்கைப் பார்த்து வருகிறேன். பள்ளிக்கு உதவுவது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பள்ளியின் பெயரைச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் உண்டு: இதைப் படிப்பவர் தம் ஊர்ப் பள்ளியை நினைக்க வேண்டுமே தவிர, எங்கள் பள்ளியை அல்ல.

கொழிஞ்சாம்பாறை, மாணவியின் தந்தை: வணக்கம் டீச்சர். அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை, புத்தகம் இலவசம், மதியச் சோறும் உண்டு. பிறகு ஊராரிடம் பணம் எதற்கு?

நீங்கள் சொல்வது எட்டாம் வகுப்பு வரை பெரும்பாலும் சரி. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரைதான் பேசுகிறது. இலவசப் பாடநூல், சீருடை, மதிய உணவு ஆகியவை அந்த எல்லையை ஒட்டியே அமைந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் சத்துணவு பத்தாம் வகுப்பு வரை செல்கிறது. கேரளத்தில் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. எங்கள் பள்ளியில் முன்பெல்லாம் மதிய மணி அடித்ததும் ஏழாம் வகுப்புத் தங்கை தட்டை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போவாள். ஒன்பதாம் வகுப்பு அக்கா, வீட்டில் காலையில் சமைத்திருந்தால் டப்பாவைத் திறப்பாள், சமைக்கவில்லை என்றால் குழாயடிக்குப் போவாள். ஒரே வீட்டுப் பிள்ளைகள்தாம்.

அரசின் கை தளர்கிற அதே வயதில்தான் வீட்டின் கை இழுக்கத் தொடங்குகிறது என்பதை நான் ஆண்டுதோறும் கண்டேன். தாய் தோட்ட வேலைக்குப் போனால் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பாட்டி படுத்துவிட்டால் அடுப்பைப் பார்க்க ஆள் வேண்டும். பெண் பெரியவளாகிவிட்டாள், இவ்வளவு தூரம் பேருந்தில் தனியே எதற்கு என்ற பேச்சும் எழும். இவற்றில் எதற்கும் கட்டணம் காரணமில்லை. ஆகவே கட்டணம் இல்லை என்பதால் மட்டும் அந்தப் பெண் பள்ளியில் நிலைத்துவிட மாட்டாள். ஊரார் பணம் என்று நான் கேட்பது ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையிலான அந்த நான்கு ஆண்டுகளுக்காகத்தான்.

அரசு உதவி அந்த வயதில் அறவே இல்லை என்று சொல்வதும் தவறு. பட்டியல் சாதி மாணவியருக்கு ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கென உதவித்தொகை உண்டு. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி மற்றும் தகுதித் தேர்வை எழுதித் தேறினால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எங்கள் நிதி முதலில் செலவு செய்தது இந்தத் தேர்வுக்கான சனிக்கிழமைப் பயிற்சிக்குத்தான். கொடுத்த பணம் பல மடங்காகத் திரும்பி வந்த ஒரே செலவும் அதுதான்.

வேலந்தாவளம், வணிகர்: என் தந்தையாரின் நினைவாக ஒரு வகுப்பறையோ நுழைவு வளைவோ கட்டித் தர விரும்புகிறேன். யாரைப் பார்க்க வேண்டும்?

கேரளத்தில் அதிகாரப் பரவலாக்கத்துக்குப் பிறகு அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பிலும் உயர்நிலைப் பள்ளிகள் மாவட்டப் பஞ்சாயத்தின் பொறுப்பிலும் இருக்கின்றன. நகராட்சி எல்லைக்குள் இருந்தால் நகராட்சி. எனவே தலைமையாசிரியை தலையசைத்தால் போதாது. பி.டி.ஏ. என்னும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் தீர்மானம், உள்ளாட்சி அமைப்பின் அனுமதி, பொறியாளர் ஒப்புதல் ஆகிய மூன்றும் எழுத்தில் கிடைத்த பிறகே செங்கல் இறக்க வேண்டும்.

ஆனால் கட்டடம்தான் வேண்டுமா என்று ஒரு முறை யோசியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பள்ளிக்கு ஒரு நல்லவர் குடிநீர் வடிகட்டியும் தொட்டியும் அமைத்துக் கொடுத்தார். பளிங்குக் கல்லில் பெயர் பொறித்தார், திறப்பு விழாவுக்கு நாதஸ்வரமும் வந்தது. வடிகட்டியின் உள்பாகத்தைக் காலம் தவறாமல் மாற்ற வேண்டும் என்பதை யாரும் எந்தக் கணக்கிலும் எழுதவில்லை. இரண்டாம் ஆண்டிலேயே தண்ணீர் நின்றது. பெயர் மட்டும் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பெற்றுக்கொண்ட நாங்கள்தாம் கேட்டிருக்க வேண்டும்.

சித்தூரின் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பகுதி என்பது உங்களுக்குத் தெரியும். எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் மார்ச் மாதத்தில் ஆழ்துளைக் கிணறுகள் காற்றை இறைக்கும். பெண்கள் பள்ளியில் கழிப்பறைக்குத் தண்ணீர் வராவிட்டால் என்ன ஆகும் என்று தெரியுமா? காலை முதல் மாலை வரை பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். மாதவிடாய் நாட்களில் விடுப்பு எடுத்துவிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் ஒரே பெண்ணின் விடுப்பு மாதந்தோறும் ஒட்டிய தேதிகளில் வருவதைப் பார்த்தபோதுதான் எனக்கே அது புரிந்தது. கேரள அரசு 2017இல் ஷீ பேட் திட்டத்தைத் தொடங்கிப் பள்ளிகளுக்கு நாப்கினும் எரிப்பானும் தந்தது. நாப்கின் வந்தாலும், எரிப்பான் பழுதானால் சீர் செய்யவும் கழிப்பறையை நாள்தோறும் கழுவவும் ஆளும் கூலியும் வேண்டும். ஒரு துப்புரவுப் பணியாளரின் மாதக் கூலியையும் கோடை மூன்று மாதத்துக்கான தண்ணீர் வண்டிச் செலவையும் ஐந்து ஆண்டுகளுக்கு ஏற்றுக்கொண்டால், வளைவைக் காட்டிலும் அதில்தான் உங்கள் தந்தையாரின் பெயர் நிற்கும். பெயர்ப் பலகை வேண்டுமென்றால் அதையும் வைக்கலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.

பொள்ளாச்சி, முன்னாள் மாணவி: நான் கேரளத்துத் தமிழ் வழிப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துத் தமிழ்நாட்டுக் கல்லூரியில் சேர்ந்தேன். வகுப்புத் தோழிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது, எனக்கு இல்லை. ஏன் டீச்சர்?

உங்கள் தோழிகளுக்கு அந்தப் பணத்தைத் தரும் தமிழ்நாட்டு அரசின் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு என்றே வகுக்கப்பட்டது; பின்னர் அங்குள்ள அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் படித்தவர், தமிழிலேயே படித்திருந்தாலும், அதற்குள் வரமாட்டார். இதில் யார் மீதும் குற்றம் இல்லை. ஒரு மாநிலம் தன் பள்ளிகளுக்குச் செய்கிறது. ஆயினும் இரண்டு திட்டங்களுக்கு நடுவே இருக்கும் அந்த இடுக்கில் விழுகிறவர் எப்போதும் எல்லையூர்ப் பெண்ணே. அங்கே கல்லூரியில் சேரும் எங்கள் மாணவியருக்கு முதலாண்டு முழுவதும் அதே 1,000 ரூபாயை மாதந்தோறும் நிதியிலிருந்து தருகிறோம். எல்லோருக்கும் தர முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

துபாய், சித்தூர்க்காரர்: இங்கிருந்து பணம் அனுப்பினால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டச் சிக்கல் வருமா?

இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், பூர்விகம் இந்தியாவாக இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். பெறுகிற அமைப்பு 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்று, புது டெல்லியில் உள்ள ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் அதற்கெனக் கணக்கு வைத்திருக்க வேண்டும். சிறிய ஊர் நிதிகளுக்கு அது தாங்காது. நண்பர்களிடம் திரட்டி அனுப்புவதாக இருந்தால் ஒவ்வொருவரும் தத்தம் கணக்கிலிருந்து அனுப்புங்கள், கடவுச்சீட்டு நகலையும் இணையுங்கள்.

கஞ்சிக்கோடு, தொழிற்சாலை ஊழியர்: எங்கள் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியைப் பள்ளிக்குக் கேட்க முடியுமா? தனி மனிதர்களுக்கு வரிச் சலுகை உண்டா?

2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டும் நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வி அதில் அடங்கும். தொழிற்சாலை அமைந்துள்ள சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சட்டமே சொல்கிறது. எனவே கேளுங்கள். ஆனால் மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு பராமரிப்பு யாருடையது என்ற வரியையும் விண்ணப்பத்தில் சேருங்கள்.

தனி மனிதருக்கான, 80ஜி எனப்படும் வருமான வரிக் கழிவு, அதற்கான பதிவு பெற்ற அறக்கட்டளைக்கோ சங்கத்துக்கோ கொடுத்தால்தான் கிடைக்கும். பி.டி.ஏ. ரசீது மட்டும் அதற்கு உதவாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும், பொருளாகக் கொடுத்தாலும் கழிவு இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்கும் இல்லை.

வடகரப்பதி, விவசாயி: எங்களிடம் ரொக்கம் இருப்பது அறுவடைக் காலத்தில் மட்டும். தேங்காய் கொடுக்கலாமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சமே வேண்டாம், அண்ணா. இந்த மண்ணில் பள்ளிக்கூடம் வளர்ந்ததே அப்படித்தான். கேரளத்தில் சாவறை குரியாக்கோஸ் பாதிரியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளிகளைத் தொடங்கியபோது, வீட்டில் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் பிடியரிசி வழக்கத்தைக் கொண்டே ஏழைப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட்டார். தமிழ்நாட்டில் காமராசர் ஆட்சியில், நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958 முதல் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஒருவர் நிலம் எழுதினார், ஒருவர் கூரைக்கு ஓடு தந்தார், ஒருவர் மணி வாங்கித் தந்தார். ஊரார் கொடுத்ததெல்லாம் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. மதிய உணவுத் திட்டமும் தொடக்கத்தில் ஊரார் பங்கைக் கொண்டுதான் நடந்தது.

இப்போது ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாங்கள் நடத்தும் மதிய உணவுக்கு ஏழு வீடுகளிலிருந்து தேங்காய் வருகிறது. சமைப்பவர்கள் குடும்பஸ்ரீ என்னும் மகளிர் குழுப் பெண்கள். உங்கள் தேங்காய்க்கும் ரசீது உண்டு: எண்ணிக்கையும் தேதியும் எழுதித் தருவோம்.

கொல்லங்கோடு, ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்: எஸ்.எஸ்.எல்.சி.யில் ஃபுல் ஏ பிளஸ் (எல்லாப் பாடத்திலும் முதல் தரம்) வாங்கும் பெண்ணுக்கு ஆண்டுதோறும் பரிசு தர ஒரு வைப்புத் தொகை போட எண்ணுகிறேன்.

ஃபுல் ஏ பிளஸ் வாங்கிய பெண்ணுக்கு ஜூன் மாதத்தில் கிடைக்கும் கேடயங்களை வைக்க வீட்டில் அலமாரி போதுவதில்லை. பஞ்சாயத்து, வங்கி, சங்கம், கட்சி என எல்லோரும் ஃபிளெக்ஸ் வைத்துப் பாராட்டுகிறார்கள். அவள் எப்படியும் படித்துவிடுவாள். கணக்கில் டி பிளஸ் வாங்கித் தேர்ச்சியின் விளிம்பில் தேறி, பிளஸ் ஒன் சேர்வதா அக்கா வேலை செய்யும் பனியன் கம்பெனிக்குப் போவதா என்று நிற்கிறவளைப் பற்றி எண்ணிப் பாருங்கள்.

வைப்புத் தொகையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பல்லாண்டுகளுக்கு முன் ஒருவர் 1,000 ரூபாய் போட்டு வைத்த பரிசு எங்களிடம் இன்றும் இருக்கிறது. 7 விழுக்காடு வட்டி என்றாலும் ஆண்டுக்கு 70 ரூபாய். அதற்கு விழா மேடையில் ஓர் அறிவிப்பு வேறு. வட்டி முழுவதையும் செலவிடாமல் மூன்றில் ஒரு பங்கை அசலோடு சேர்க்க வேண்டும் என்றும், பரிசின் நோக்கத்தைப் பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை பி.டி.ஏ. மாற்றியமைக்கலாம் என்றும் எழுதிக் கொடுங்கள்.

நீங்கள் தமிழ் வாசகர் என்பதால் ஒரு யோசனை. கேரளப் பாடத்திட்டத்துக்குத் தமிழில் பாடநூல் அரசு தருகிறது. ஆனால் கோயம்புத்தூர்க் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் வழிகாட்டி நூல்கள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கானவை, மலையாளத்தில் கிடைக்கும் பயிற்சி ஏடுகளோ எங்கள் பிள்ளைகளுக்குப் பயன்படுவதில்லை. முந்தைய ஆண்டுகளின் வினாக்களையும் விடைக் குறிப்புகளையும் தமிழில் தொகுத்து அச்சிட, அந்த வட்டியை ஒதுக்கலாம்.

ஆந்திரா, குப்பம், தாய்: எங்களுடையதும் சித்தூர் மாவட்டம்தான். எங்கள் அரசு தாய்மாருக்குப் பணம் தருகிறது. அங்கேயும் ஊரார் உதவி தேவையா?

இரண்டு சித்தூரும் தமிழர் வாயில் ஒன்றாகவே ஒலிப்பதால் எங்களுக்கு வர வேண்டிய அஞ்சல் உங்கள் பக்கம் போன கதைகள் உண்டு. உங்கள் மாநிலத்தின் தல்லிகி வந்தனம் திட்டம் பன்னிரண்டாம் வகுப்பு வரை செல்கிறது என்பது எங்களுக்குப் பொறாமை தரும் செய்தி. 2025இல் ஒரு மாணவிக்கு 15,000 ரூபாய் என்று கணக்கிட்டு, 13,000 தாயின் கணக்கிலும் மீதி 2,000 பள்ளிப் பராமரிப்புக்கும் துப்புரவுக்கும் ஒதுக்கப்பட்டது. ஆகவே உங்கள் ஊரில் முதல் வேலை வசூல் அன்று. அந்த 2,000 எங்கே, எப்படிச் செலவாகிறது என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்பதுதான். கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோருக்கும், மொத்தத்தில் பாதிப் பங்கு பெண்களுக்கும் தந்திருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பு மாணவி: உதவி வாங்கினால் எல்லோருக்கும் தெரியுமா டீச்சர்?

தெரியாது, மகளே. முன்பு மேடையில் வரிசையாக நிறுத்தி, கொடையாளர் கையால் கொடுத்துப் படம் எடுத்தோம். நானும் அதற்கு நின்றிருக்கிறேன். அப்படி மேடையேறிய பெண் ஒருத்தி மறுநாள் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு நிறுத்திவிட்டோம். இப்போது கொடையாளருக்கு எந்த வகுப்பில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் செலவுக் கணக்கும் மட்டுமே போகும். பெயர்களை அறிந்தவர்கள் உன் வகுப்பாசிரியையும் தலைமையாசிரியையும் கணக்கு எழுதும் நானும் மட்டுமே. விண்ணப்பத் தாள் நூலக மேசையின் இடப்பக்க இழுப்பறையில் இருக்கிறது. யாரிடமும் கேட்க வேண்டாம், எடுத்துக்கொள்ளலாம்.