ஊரிலிருந்து பெரியவர்கள், கையில் குழந்தைகள்: டிஸ்னி வேர்ல்டு பயணம், கேள்வி பதில்

ஃபுளோரிடாவில் குடியிருக்கிறேன். ஆர்லாண்டோவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு என் பெற்றோர், மாமனார் மாமியார், சிறு குழந்தைகள் என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு பலமுறை போய்வந்திருக்கிறேன். முதல் தடவை நான்கு நாளில் நான்கு பார்க் என்று திட்டம் போட்டு, இரண்டாம் நாள் மாலையே மாமியாருக்குக் கால் வீங்கிவிட்டது. மிச்ச நாளெல்லாம் அவர் அறையிலேயே படுத்திருந்தார். அந்தத் தப்பை வேறு யாரும் செய்யக் கூடாது என்பதால்தான் கேட்டவர்களுக்கெல்லாம் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

நியூ ஜெர்சியிலிருந்து: அக்கா, அப்பா அம்மா மே மாதம் வருகிறார்கள், ஆறு மாதம் இருப்பார்கள். எங்கள் குழந்தைகளுக்கு 5 வயது, 2 வயது. எப்போது போகலாம்? எத்தனை நாள் வேண்டும்?

மே முதல் பாதியில் போய்விடுங்கள். அது முடியாவிட்டால் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பருக்குள். ஃபுளோரிடா பள்ளிகள் ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடுவதால் அதற்குப் பிறகு கூட்டம் குறையும். வெயில் அப்போதும் இருக்கும். ஜூன் முதல் நவம்பர் 30 வரை புயல் காலம் என்பதால், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கிற மாதிரி முன்பதிவு செய்யுங்கள். ஜூன், ஜூலையைத் தவிருங்கள் என்பேன். சென்னை வெயில் பார்த்தவர்கள்தானே என்று நினைக்க வேண்டாம். சென்னையில் யாரும் மத்தியானம் ஒரு மணிக்குப் பெற்றோரைத் திறந்தவெளியில் நடக்க வைப்பதில்லை. பிற்பகலில் இடி மின்னலோடு மழை வந்தால் வெளியில் ஓடும் ரைடுகளை நிறுத்தியும் விடுவார்கள்.

மொத்தம் நான்கு பார்க்: மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம். உங்கள் குடும்பத்துக்கு மூன்று போதும், ஹாலிவுட் ஸ்டுடியோஸை விட்டுவிடலாம். ஒரு நாள் பார்க், ஒரு நாள் ஓய்வு, மறுபடி ஒரு நாள் பார்க். இந்த ஓய்வு நாளைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுகிறார்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள்.

டிக்கெட்டைப் பொறுத்தவரை, 3 வயது ஆகாத குழந்தைக்கு டிக்கெட்டே வேண்டாம். 3 முதல் 9 வரை குழந்தை டிக்கெட், 10 வயதிலிருந்து பெரியவர் டிக்கெட். முதியோருக்குத் தனிச் சலுகை கிடையாது. ஆனால் எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் நாட்கள் வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உங்களுக்கு மூன்று நாள், அப்பா அம்மாவுக்கு இரண்டு நாள் என்று வாங்கலாம்.

டாலஸிலிருந்து: மாமியாருக்கு மூட்டுவலி. வீல்சேர் என்றாலே "நான் என்ன நோயாளியா" என்று கோபப்படுகிறார். கோவிலில் பிரகாரம் சுற்றுகிறேனே, நடந்துவிடுவேன் என்கிறார். என்ன சொல்லிச் சம்மதிக்க வைப்பது?

எனக்கும் இதே கதைதான். சொல்லிச் சம்மதிக்க வைக்கவே முடியாது. நான் கண்ட வழியைச் சொல்கிறேன். காலையில் நுழைவாசலிலேயே வீல்சேரை வாடகைக்கு எடுத்துவிடுங்கள். அவரை உட்காரச் சொல்லாதீர்கள். தண்ணீர், டயப்பர் பை, மழைக்கோட்டு எல்லாவற்றையும் அதில் வைத்துத் தள்ளிக்கொண்டு போங்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து, சின்னக் குழந்தையைக் கொடுத்து "அம்மா, இவளைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்" என்று கேளுங்கள். அந்த நேரம் மட்டும் வண்டியை நிறுத்தி வையுங்கள், மடியில் குழந்தையோடு தள்ள வேண்டாம். எங்கள் மாமியார் அப்படி உட்கார்ந்தவர்தான். குழந்தையைத் திரும்ப வாங்கிய பிறகு, அடுத்த ரைடு வரை தள்ளட்டுமா என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவரே "அந்த வண்டி எங்கே" என்று கேட்டார்.

பிரகாரம் சுற்றுவதை இதோடு ஒப்பிட முடியாது. எப்காட்டில் 11 நாடுகளின் அரங்குகள் ஏரியைச் சுற்றி இருக்கின்றன. அந்த ஒரு சுற்றே ஏறக்குறைய 2 கிலோமீட்டர். அதற்கு முன்னும் பின்னும் நடக்கிற தூரம் தனி.

பேட்டரியில் ஓடும் வண்டியும் வாடகைக்குக் கிடைக்கும், 18 வயதானவர்கள் ஓட்டலாம். ஆனால் ஊரில் சைக்கிள்கூட ஓட்டிப் பழகாத பெரியவர்களிடம், கூட்டத்தில், குழந்தைகளுக்கு நடுவே அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் தள்ளும் வீல்சேரே நல்லது.

ஒன்றைக் கவனியுங்கள். பீப்பிள்மூவர், ஹாண்டட் மேன்ஷன் போன்ற சில ரைடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் பட்டையில் கால் வைத்து ஏற வேண்டும். மூட்டுவலிக்காரருக்கு அது பயம் தரும். ஹாண்டட் மேன்ஷனில் முன்கூட்டியே சொன்னால் வேகத்தைக் குறைப்பார்கள். "இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு" படகில் வீல்சேரோடு ஏறுவதற்கென்றே தனிப் படகு உண்டு. வாசலில் நிற்கும் ஊழியரிடம் கேட்க வெட்கப்படாதீர்கள்.

கோயம்புத்தூரிலிருந்து: எனக்கு 71 வயது. மகன் வீட்டுக்கு அடுத்த மாதம் வருகிறேன். டிஸ்னி போகலாம் என்கிறார்கள். குழந்தைகள் விளையாடும் இடத்தில் எனக்கு என்ன வேலை? அவர்களுக்கும் இடைஞ்சல். வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லிவிடலாமா?

ஐயா, வணக்கம். உங்கள் கேள்வியைப் படித்ததும் என் மாமனார் கண்முன் வந்துவிட்டார். பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். அவரும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னார். வலுக்கட்டாயமாகத்தான் கூட்டிப்போனோம்.

எப்காட்டில் "லிவிங் வித் த லேண்ட்" என்று ஒரு படகுச் சவாரி இருக்கிறது. கால் மணி நேரம் போல மெதுவாகப் போகும், குலுக்கல் கிடையாது. பாதி வழியில் படகு பெரிய கண்ணாடிப் பசுமைக்கூடங்களுக்குள் நுழைகிறது. மண்ணே இல்லாமல் செடி வளர்த்திருப்பார்கள். வேர் அந்தரத்தில் தொங்கும், அதன் மேல் சத்துநீரைத் தெளிப்பார்கள். தக்காளியைப் பந்தல் போட்டு மரம் மாதிரி ஏற்றியிருப்பார்கள். தொட்டிகளில் திலேப்பியா மீன். வாழை, பப்பாளி, பலா எல்லாம் நிற்கும். அதுவரை பேசாமல் வந்த மாமனார், பலாவைப் பார்த்ததும் பேரனின் தோளைத் தொட்டு, "நம்ம வீட்டுக் கிணத்தடியில நிக்குதே, அதேதான் இது" என்றார். அப்புறம் வேரில் தண்ணீர் எப்படி ஏறுகிறது என்று அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தவர், இறங்கும்வரை நிறுத்தவில்லை. அன்று இரண்டாம் முறையும் அதே படகில் போனோம்.

அனிமல் கிங்டத்தில் கிலிமஞ்சாரோ சஃபாரி இருக்கிறது. திறந்த லாரியில் யானை, ஒட்டகச்சிவிங்கி, காண்டாமிருகம் எல்லாம் கண்ணெதிரே. காலையில் முதல் வேலையாகப் போனால் விலங்குகள் சுறுசுறுப்பாக இருக்கும். பாதை மேடும் பள்ளமுமாகக் குலுக்கும், முதுகுத்தண்டில் கோளாறு இருந்தால் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

வாருங்கள் ஐயா. நீங்கள் இடைஞ்சல் என்று உங்கள் மகன் நினைத்திருந்தால் கூப்பிட்டிருக்கவே மாட்டார். மகனிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: "நான் களைத்தால் சொல்வேன், சொன்னதும் உட்கார வைக்க வேண்டும்."

அட்லாண்டாவிலிருந்து: மூத்தவனுக்கு 7 வயது, சின்னவளுக்கு 3 வயது. உயரக் கட்டுப்பாட்டால் சின்னவள் அழுவாளே? நாங்கள் இருவரும் மாறி மாறிக் காத்திருக்க வேண்டுமா?

கிளம்பும் முன் வீட்டுச் சுவரில் கோடு போட்டு அளந்துவிடுங்கள். செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயின், ஸ்லிங்கி டாக் டேஷ் இரண்டுக்கும் 38 அங்குலம், அதாவது 97 செ.மீ. ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44 அங்குலம். பிள்ளையிடம் வீட்டிலேயே சொல்லிவிட்டால் வாசலில் அழுகை பாதியாகக் குறையும். டம்போ, பீட்டர் பான், வின்னி த பூ, கரோசல், எப்காட்டில் ஃப்ரோஸன் படகு இவற்றுக்கெல்லாம் உயரக் கணக்கே கிடையாது. இவையே அவளுக்கு ஒரு நாளுக்கு மேல் போதும்.

பெரியவனின் ரைடுக்கு ரைடர் ஸ்விட்ச் என்ற ஏற்பாடு இருக்கிறது, கட்டணம் இல்லை. எல்லோரும் சேர்ந்து வாசலில் போய்ச் சொல்லுங்கள். ஒருவர் சின்னவளோடு வெளியே இருப்பார், மற்றவர் பெரியவனோடு போய்வருவார். பிறகு காத்திருந்தவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் விரைவு வழியில் போகலாம்.

சிகாகோவிலிருந்து: லைட்னிங் லேன் எல்லோருக்கும் வாங்க வேண்டுமா? எட்டு பேர் போகிறோம்.

வேண்டாம். லைட்னிங் லேன் என்பது தனியாகப் பணம் கட்டி, நீண்ட வரிசையில் நிற்காமல் விரைவு வழியில் ரைடுக்குப் போகும் ஏற்பாடு. யார் அந்த ரைடில் ஏறப் போகிறார்களோ அவர்களுக்கு மட்டும் போதும். 3 வயது ஆகாதவர்களுக்குத் தேவையே இல்லை. மேஜிக் கிங்டம் நாளுக்கு வாங்குங்கள், அனிமல் கிங்டத்தில் காலை சீக்கிரம் போனால் இல்லாமலே சமாளிக்கலாம். டிஸ்னி ஓட்டலில் தங்குபவர்கள் 7 நாள் முன்பும், மற்றவர்கள் 3 நாள் முன்பும் அங்கத்திய நேரம் காலை 7 மணிக்கு ஆப்பில் நேரம் பிடிக்கலாம். சிகாகோவில் அது காலை 6 மணி.

ஹூஸ்டனிலிருந்து: நாங்கள் சுத்த சைவம். அம்மா வெளியில் சாப்பிடவே மாட்டார். வீட்டுச் சாப்பாடு உள்ளே விடுவார்களா?

விடுவார்கள். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது, குளிர்பெட்டியில் உதிரி ஐஸ் போடக் கூடாது. குழந்தை உணவு கண்ணாடிக் குப்பியில் இருந்தால் பரவாயில்லை. புளிசாதம், எலுமிச்சைசாதம், சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் எல்லாம் கொண்டுபோயிருக்கிறேன். தயிர்சாதத்தை வெயிலில் வைக்காதீர்கள், பாலில் பிசைந்து துளி மோர் விட்டுக் காப்புப் பையில் வையுங்கள். கவுன்டர் உணவகங்களில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசமாகவே தருவார்கள். பாட்டில் வாங்கிச் செலவழிக்க வேண்டாம். ஒவ்வொரு பார்க்கிலும் பேபி கேர் சென்டர் உண்டு. பால் கொடுக்கத் தனியிடம், டயப்பர் மாற்ற மேஜை, குழந்தைச் சாப்பாடு சூடாக்க வசதி, எல்லாவற்றுக்கும் மேல் அமைதி. இன்சுலின் எடுக்கும் பெரியவர் இருந்தால் முதலுதவி மையத்தில் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளச் சொல்லலாம்.

ஓய்வு நாளில் ஒரு வேளை வெளியில் சாப்பிட அம்மா சம்மதித்தால், அனிமல் கிங்டம் லாட்ஜில் உள்ள சனா உணவகத்துக்குப் போங்கள். ஆப்பிரிக்க, இந்தியச் சுவை கலந்த சாப்பாடு. பலவகை ரொட்டியும் தொட்டுக்கொள்ளச் சட்னி வகைகளுமாக ஒரு தட்டு வரும். ஜன்னலுக்கு வெளியே வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் மேயும். இதற்குப் பார்க் டிக்கெட் வேண்டாம். 60 நாள் முன்பிருந்து மேஜை பிடிக்கலாம்.

ரிச்மண்டிலிருந்து: டிஸ்னி ஓட்டலா, பக்கத்து ஊரான கிஸ்ஸிமியில் நீச்சல்குளத்தோடு வாடகை வீடா?

எட்டு பேர் என்றால் வீடு. சமையலறை இருக்கும், பெரியவர்களுக்குத் தனி அறை கிடைக்கும், காலையில் காபி அவர்கள் கையால் போட்டுக்கொள்ளலாம். அது ஒரு பெரிய நிம்மதி. ஆனால் மத்தியானம் வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டுத் திரும்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மேஜிக் கிங்டத்துக்குக் காரை நிறுத்திய பிறகும் மோனோரயிலோ படகோ பிடித்துத்தான் வாசலுக்குப் போக முடியும். போக வர அதிலேயே பொழுது போய்விடும். காலை சீக்கிரம் போய் இரண்டு மணிக்கு வெளியேறுங்கள், அல்லது சாயங்காலம் மட்டும் போங்கள். ஆறு பேருக்குள் என்றால் ஃபோர்ட் வில்டர்னஸ் கேபின்களைப் பாருங்கள். ஆறு பேர் தங்கலாம், சமையலறை உண்டு, அங்கிருந்து மேஜிக் கிங்டத்துக்கு நேராகப் படகு போகிறது.

பெயர் வேண்டாம் என்றவர்: மாமனார் மாமியாரையும் அழைத்துப் போனால் குழந்தைகளை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நானும் கணவரும் பெரிய ரைடுகளுக்குப் போகலாம் என்று நினைக்கிறோம். சரிதானே?

ஒரு ரைடு, இரண்டு ரைடு என்றால் சரி. நாள் முழுக்க என்றால் சரியில்லை, மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் இருபது மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து வந்தவர்கள். அந்தக் கூட்டத்தில் அறிவிப்புப் பலகை படிக்கவும் யாரிடமாவது வழி கேட்கவும் அவர்களுக்குத் தயக்கம் இருக்கும். ஓடுகிற மூன்று வயதுக் குழந்தையைத் துரத்த முழங்கால் ஒத்துழைக்காது. குழந்தை அரை நிமிஷம் கண்ணில் படாவிட்டால் அவர்கள் படுகிற பதற்றத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நீங்கள் போகும்போது அவர்களை ஏசி உள்ள இடத்தில் உட்கார வையுங்கள், குழந்தை ஸ்ட்ரோலரில் (தள்ளுவண்டியில்) தூங்கும் நேரமாகப் பாருங்கள். இரவில் தனியாகப் போக ஆசையென்றால், குழந்தைகள் தூங்கிய பிறகு போங்கள். அதையும் முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேட்டால் மறுக்க மாட்டார்கள். கேட்காமல் விட்டுப்போனால்தான் மனதில் நிற்கும்.

டொரண்டோவிலிருந்து: ஸ்ட்ரோலர் பற்றிச் சொல்லுங்கள். நான்கு வயதுப் பையன் "நான் நடப்பேன்" என்கிறான்.

எடுத்துப் போங்கள். நான்கு வயதுப் பையன் பதினோரு மணிவரை நடப்பான். 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்குள் இருக்க வேண்டும், இழுத்துச் செல்லும் வேகன் வண்டிக்கு அனுமதி இல்லை. நீங்கள் ரைடில் இருக்கும்போது ஊழியர்கள் ஸ்ட்ரோலர்களை வேறு இடத்துக்கு நகர்த்தி அடுக்குவார்கள். கைப்பிடியில் பளிச்சென்ற பழைய துப்பட்டா ஒன்றைக் கட்டிவிடுங்கள், தூரத்திலிருந்தே தெரியும். பாஸ்போர்ட், பணம் எதையும் அதில் விட்டுச் செல்ல வேண்டாம்.

மீண்டும் நியூ ஜெர்சியிலிருந்து: மேஜிக் கிங்டத்தில் இரவு வாணவேடிக்கைவரை எல்லோரும் தாங்குவார்களா?

மத்தியானம் தூங்கியிருந்தால் தாங்குவார்கள். அன்று காலை பார்க்குக்கே போகாமல், மாலை நான்கு மணிக்குப் போவதுதான் நல்லது. சத்தம் பலமாக இருக்கும், சின்னவளுக்குக் காதை மூடும் இயர்மஃப் வாங்கிக்கொள்ளுங்கள். கோட்டைக்கு நேர் முன்னால் நெருக்கியடித்து நிற்க வேண்டாம், மெயின் ஸ்ட்ரீட்டின் பின்பக்கம், ரயில் நிலையத்தை ஒட்டி நின்றாலே தெரியும். பெரியவர்கள் சட்டைப்பையில் உங்கள் தொலைபேசி எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலுக்குப் பாய்வார்கள். நீங்கள் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். கடைகள் திறந்திருக்கும், பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்கள். பிறகு காருக்குத் திரும்ப மோனோரயில் வரிசையில் நிற்காமல் படகில் வாருங்கள். வீல்சேரும் ஸ்ட்ரோலரும் அப்படியே கீழ்த்தளத்தில் ஏறிவிடும், யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.