ஸ்காட்லாந்துக் குலங்களுக்குப் பெண் தலைவர்கள் இருந்திருக்கிறார்களா? அதிகாரமே இல்லாத அந்தப் பதவியால் யாருக்கு என்ன பயன்?

இருந்திருக்கிறார்கள், இப்போதும் இருக்கிறார்கள். பயன் என்ன என்று கேட்டால் எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் டேம் ஃபுளோரா மெக்ளவுட் ('டேம்' என்பது ஆண்களுக்கு 'சர்' போல, பெண்களுக்குத் தரும் பட்டம்). ஸ்கை தீவில் டன்வேகன் கோட்டையில் வாழ்ந்தவர், மெக்ளவுட் குலத்தின் 28வது தலைவர்.

எடின்பரோவில் படித்த வருடம், ஒரு மழைநாளில் அந்தக் கோட்டைக்குப் போயிருந்தேன். கடலை ஒட்டிய பாறை மேல் நிற்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அதற்குள் நுழையக் கடல் பக்கத்து வாசல் ஒன்றுதான் வழி. உள்ளே கண்ணாடிச் சட்டத்துக்குள் பழுப்பேறிய, கிழிந்த பட்டுத் துணி ஒன்று இருக்கிறது. தேவதைக் கொடி என்கிறார்கள். குலத்துக்கு ஆபத்து வரும்போது அதை விரித்தால் காப்பாற்றும், ஆனால் மூன்று முறைதான் விரிக்கலாம், இரண்டு முறை ஏற்கெனவே விரித்தாகிவிட்டது என்பது ஐதீகம். ஃபுளோராவைப் பற்றி நான் தேடிப் படிக்க ஆரம்பித்தது அந்தக் கொடியின் முன்னால் நின்ற பிறகுதான்.

அவரைப் புரிந்துகொள்ள ஒரு சொல் தெரிந்தால் போதும். குலத்தை அங்கே 'க்ளான்' என்கிறார்கள். ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் அதற்குப் பிள்ளைகள் என்று பொருள். நாமும் பெற்ற பிள்ளைகளை மக்கள் என்கிறோம், ஊர்ச் சனத்தையும் மக்கள் என்கிறோம். தலைவன் தகப்பன், சனம் அவன் பிள்ளைகள் என்பதுதான் அந்த அமைப்பின் அடிப்படை.

ஆனால் எல்லாத் தலைவர்களும் தகப்பனாக நடந்துகொள்ளவில்லை. 1739ல் ஸ்கை, ஹாரிஸ் தீவுகளிலிருந்து ஆண், பெண், குழந்தைகள் என்று சுமார் நூறு பேரைப் பிடித்துக் கப்பலில் ஏற்றினார்கள், அமெரிக்காவில் கூலிகளாக விற்பதற்கு. கப்பல் அயர்லாந்தில் ஒதுங்கியபோது அவர்கள் தப்பித்தார்கள். அந்த விவகாரத்தில் அப்போதைய மெக்ளவுட் தலைவரின் பெயரும் அடிபட்டது. பிள்ளைகளை விற்கப் பார்த்த தகப்பன்! அடுத்த நூற்றாண்டில் இதற்கு நேர் எதிரான ஒருவர் வந்தார். 1846ல் தொடங்கி உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது, 25வது தலைவர் நார்மன் தன் சொத்தையே கரைத்துச் சனங்களுக்குக் கஞ்சி ஊற்றினார். கையில் ஒன்றும் மிஞ்சாமல், கோட்டையை விட்டு லண்டன் போய் குமாஸ்தா வேலை பார்த்தார். அந்த நார்மனின் பேத்திதான் ஃபுளோரா.

பிறந்தது 1878ல், லண்டன் டவுனிங் தெருவில். தாய்வழித் தாத்தா ஸ்டாஃபோர்ட் நார்த்கோட் அப்போது பிரிட்டனின் நிதியமைச்சர். 1901ல் ஹியூபர்ட் வால்டர் என்ற பத்திரிகையாளரை மணந்தார், இரண்டு பெண் குழந்தைகள். இந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அந்தக் காலத்து மேல்தட்டுக் குடும்ப வாழ்க்கைதான். (தங்கை ஆலிவ் கதை தனி. தனக்கு நிச்சயமாகியிருந்தவர் ஆப்பிரிக்காவில் கொல்லப்பட்டதும், அவர் கல்லறையைப் பார்க்க 1910ல் சாட் ஏரிப் பக்கம் வரை பயணம் போன பெண். அதற்கே ஒரு பதில் எழுத வேண்டும்.)

அப்பா ரெஜினால்டுக்கு மகன்கள் இல்லை. 1935ல் அவர் இறந்ததும் தலைமை ஃபுளோராவுக்கு வந்தது. வயது 57. கணவர் அதற்கு இரண்டு வருடம் முன்பே காலமாகியிருந்தார். தலைவர்களுக்கு இருந்த பரம்பரை நீதி அதிகாரத்தை, குலங்கள் பல சேர்ந்து நடத்திய கலகத்தை அரசு முறியடித்த 1746 கலோடன் போருக்குப் பிறகு வந்த சட்டம் எப்போதோ பறித்துவிட்டது. அவர் கைக்கு வந்தவை ஒரு பெயர், பராமரிக்கவே பெரும் பணம் கேட்கும் ஒரு பழைய கோட்டை, உலகம் பூராவும் சிதறிப்போன ஒரு குலம். நீங்கள் கேட்கும் 'அதிகாரமே இல்லாத பதவி' இதுதான்.

இதை வைத்துக்கொண்டு அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. போன பிள்ளைகளைத் தேடிப் போனார். பஞ்சத்திலும், ஆட்டுப் பண்ணைகளுக்காக நிலத்தைவிட்டு விரட்டப்பட்டும் கப்பலேறியவர்களின் பேரன் பேத்திகள் கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று இருந்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய பிறகு அந்த நாடுகளுக்கெல்லாம் பயணம் போய், அங்கங்கே மெக்ளவுட் சங்கங்கள் உருவாகத் துணை நின்றார். டன்வேகனுக்கு வந்தவர்களை உறவுக்காரர்களாக வரவேற்றார். 'உங்கள் மூதாதை கிளம்பிய இடம் இது, நீங்கள் இந்த வீட்டுப் பிள்ளை' என்று ஒருவர் வாசலில் நின்று சொல்வது லேசான விஷயம் இல்லை. சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்கு அது புரியும்.

இரண்டாம் உலகப் போரில் குலத்து இளைஞர்கள் பலர் தேவதைக் கொடியின் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள். ஜெர்மானியர்கள் கரையிறங்கினால் கொடியை இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள டோவர் பாறைக்குக் கொண்டுபோய் விரிக்கிறேன் என்று ஃபுளோரா சொன்னதாகவும் சொல்வார்கள். மிச்சமிருந்த அந்த ஒரு தடவையை முழு நாட்டுக்காகவும் செலவழிக்கத் தயாராக இருந்திருக்கிறார். மந்திரத்தை நம்புகிறோமா இல்லையா என்பதை விடுங்கள், அந்த மனசைப் பாருங்கள்.

1953ல் அவருக்கு 'டேம்' பட்டம் கிடைத்தது. 1956ல் இரண்டாம் எலிசபெத் ராணி டன்வேகனுக்கே வந்தார். ஆனால் அந்த வருடத்தின் பெரிய நிகழ்ச்சி எனக்கு வேறு: உலகின் பல பக்கங்களிலிருந்தும் மெக்ளவுட்கள் கூடிய முதல் குலப் பாராளுமன்றம். அது நின்றுபோகவில்லை, இன்றும் நான்கு வருடத்துக்கு ஒருமுறை டன்வேகனில் கூடுகிறார்கள்.

அப்புறம், வாரிசு யார் என்ற கேள்வி இருந்தது. மகள் ஜோனின் மகன் ஜான், ஃபுளோரா தலைவரான அதே 1935ல் பிறந்தவர். பிறந்தபோது குடும்பப் பெயர் வால்ரிஜ் கார்டன். பாட்டியின் வாரிசாகி, மெக்ளவுட் என்று பெயரை மாற்றிக்கொண்டார். 1976 நவம்பரில் தன் 98வது வயதில் ஃபுளோரா இறந்தபோது 29வது தலைவரானது அவர்தான். பெண் வழியாக வந்த பேரனை வெளி ஆள் என்று யாரும் தள்ளிவிடவில்லை.